எர்த் அறுந்தாலும் ஓடும் மெஷின்: ஒரு மின்னதிர்ச்சி நிகழ்வு ஆய்வு

டிரில்லிங் மெஷினுக்குப் போகும் ஒயருக்குள் மூன்று கம்பிகள் இருக்கின்றன. ஃபேஸ் அறுந்தால் மெஷின் நின்றுவிடும். நியூட்ரல் அறுந்தாலும் நின்றுவிடும். உடனே யாராவது பிரித்துப் பார்ப்பார்கள். மெஷினின் உலோக உடம்பைத் தரையோடு இணைக்கும் எர்த் கம்பி அறுந்தால் மட்டும் ஒன்றும் ஆகாது. மெஷின் எப்போதும் போல ஓடும், துளை விழும், வேலை முடியும். அந்தக் கம்பி போய்விட்டது என்று யாருக்கும் தோன்றக் காரணமே இல்லை, இன்னொரு கோளாறு வந்து சேரும் வரை.

அந்த இன்னொரு கோளாறு வந்து சேர்ந்த நாளைத்தான் இங்கே எடுத்துக்கொள்கிறேன். இது ஒரே இடத்தில் நடந்ததன் பதிவு அல்ல. வேலைத்தள மின்விபத்துகளில் திரும்பத் திரும்பத் தலைகாட்டும் கோளாறுகளை ஒரே கருவியில், ஒரே வாரத்தில் வைத்து, பயிற்சி வகுப்பில் பேசுவதற்காகக் கோத்த நிகழ்வு. ஆட்களும் இடமும் கற்பனை. கோளாறுகளும் அவை ஆளை அடிக்கும் விதமும் கற்பனை அல்ல.

நடந்தது

ஒரு கட்டடத்தின் தரைக்குக் கீழே இருக்கும் பம்பு அறை. சுவரோரமாகப் போகும் குழாய்களுக்குக் கிளாம்ப் மாட்ட வேண்டும். அதற்காகக் கான்கிரீட்டில் துளை போடுகிறார்கள். உலோக உடம்பு கொண்ட பழைய, கனமான டிரில்லிங் மெஷின். மூன்று கோர் ஒயர், மூன்று பின் பிளக், 230 வோல்ட் மின்சாரம். முந்தின நாள் தரையைக் கழுவிவிட்ட தண்ணீர் இன்னும் முழுதாக வடியவில்லை.

இதே மெஷின் அந்த வாரத் தொடக்கத்தில் மேல்தளத்தில் ஓடியது. அங்கே சுவர் பாயின்ட்டில் செருகி ஓட்டும்போது இரண்டு முறை எம்.சி.பி (மின்னோட்டம் அளவு மீறினால் தானே விழுந்து மின்சாரத்தை நிறுத்தும் சுவிட்ச்) விழுந்தது. தூக்கிவிட்டால் கொஞ்ச நேரம் ஓடும், அப்புறம் மறுபடி விழும். பாயின்ட்தான் சரியில்லை என்று ஃபோர்மேன் முடிவு கட்டினார். மூலையில் கிடந்த ஓர் எக்ஸ்டென்ஷன் பாக்ஸை எடுத்து, வேறு பாயின்ட்டிலிருந்து இழுத்துக் கொடுத்தார். அதற்குப் பிறகு எம்.சி.பி விழவே இல்லை. பிரச்சினை தீர்ந்ததென்று எல்லோரும் அதை மறந்துவிட்டார்கள்.

பம்பு அறை வேலை தொடங்கிய காலையில், மெஷினைத் தூக்கிக் கொடுத்த ஹெல்பர், துளை போடுபவரிடம் சொன்னார்: "அண்ணே, பிடிக்கிறப்போ லேசா சுர்ருங்குது."

"பழைய மெஷின் தம்பி, அப்படித்தான் இருக்கும். செருப்ப மட்டும் கழட்டாத."

சொன்னவருக்குக் கெட்ட எண்ணம் இல்லை. அனுபவத்தில் தெரிந்ததைச் சொன்னார். காலிலிருந்த தடித்த ரப்பர் அடியோடு அவரே மதியம் வரை அதே மெஷினைப் பிடித்து மேல்வரிசைத் துளைகளை முடித்தார், ஒன்றும் ஆகவில்லை.

மதியத்துக்கு மேல் கீழ்வரிசை. தரையிலிருந்து ஒரு முழ உயரத்தில் துளை போட வேண்டும் என்பதால் மண்டியிட்டார். முழங்கால் பக்கம் பேன்ட் நனைந்தது. மெஷினை வலது கையால் அழுத்தி, இடது கையால் பக்கத்துக் குழாயைப் பிடித்துக்கொண்டார். ஒயர் காலடியில் சிக்காமல் இருக்க அதை இடப்பக்கமாக வளைத்துப் போட்டிருந்தார்.

மெஷின் ஓடிக்கொண்டே இருந்தது. பிட் கான்கிரீட்டுக்குள் சுற்றிக்கொண்டே இருந்தது. அவரிடமிருந்து சத்தம் எதுவும் வராததால், துளையை ஆழப்படுத்துகிறார் என்றுதான் ஹெல்பர் நினைத்தார். தோள் இரண்டும் உதறுவதைக் கண்ட பிறகே ஓடி, பாக்ஸிலிருந்து பிளக்கைப் பிடுங்கினார். ஆளைத் தொட்டு இழுக்கவில்லை. அன்றைய தினத்தில் சரியாக நடந்த முதல் காரியம் அதுதான்.

விழுந்தவருக்கு மூச்சில்லை. முதலுதவிப் பயிற்சி எடுத்திருந்த ஒருவர் மேல்தளத்திலிருந்து இறங்கி வந்து நெஞ்சை அழுத்தத் தொடங்கினார். ஆம்புலன்ஸில் வந்த டிஃபிப்ரிலேட்டரால்தான் (இதயத்துக்கு மின்னதிர்வு கொடுக்கும் கருவி) இதயத் துடிப்பு சீரானது. ஆள் பிழைத்தார். வலது உள்ளங்கையில் கைப்பிடி பட்ட இடத்திலும், இடது உள்ளங்கையில் குழாய் பட்ட இடத்திலும், ஒரு முழங்காலிலும் சுட்ட தடம் இருந்தது.

மெஷினைப் பிரித்தபோது

ஒயர் மெஷினுக்குள் நுழையும் இடத்தில் ஒரு ரப்பர் குழல் இருக்க வேண்டும், உள்ளே ஒயரின் மேலுறையைக் கவ்விப் பிடிக்கும் கிளிப் ஒன்று இருக்க வேண்டும். குழல் வெடித்திருந்தது. கிளிப்பின் ஸ்க்ரூ ஒன்று காணோம். இந்த இரண்டுக்கும் பதிலாக யாரோ கறுப்பு டேப்பைத் தடிமனாகச் சுற்றியிருந்தார்கள்.

டேப்பைப் பிரித்தால் கதை தெரிந்தது. மேலுறை பின்வாங்கிப் போயிருந்தது. உள்ளே ஃபேஸ் கம்பியின் உறை, உடம்பின் உலோக விளிம்பில் நாள்பட உரசி, இரண்டு மில்லிமீட்டர் நீளத்துக்குச் செம்பு வெளியே தெரிந்தது. அதற்கு நேர் எதிரே, விளிம்பில், கறுத்துத் தீய்ந்த ஒரு சின்னப் புள்ளி. மேல்தளத்தில் எம்.சி.பி விழுந்த ஒவ்வொரு முறையும் பொறி பறந்தது அங்கேதான்.

ஒயரைப் பிடித்து மெஷினைத் தூக்குவது, ஏணி மேல் இருப்பவருக்கு ஒயரில் கட்டி ஏற்றுவது, பிளக்கைப் பிடிக்காமல் ஒயரை இழுத்துப் பிடுங்குவது என்று தளத்தில் நடக்கும் எல்லா இழுப்பும் கடைசியில் வந்து சேர்வது இந்த ஓர் இடத்தில்தான். கைக்கருவியைக் கையில் எடுத்ததும் முதலில் எங்கே பார்க்க வேண்டும் என்று யாராவது கேட்டால், நான் சொல்வது இதைத்தான்: ஒயர் உள்ளே நுழையும் இடம். அடுத்தது பிளக்கின் கழுத்து. நடுவில் இருக்கும் பத்து மீட்டரும் அப்புறம்.

500 வோல்ட் மெகர் (இன்சுலேஷனின் மின்தடையை அளக்கும் கருவி) வைத்து, ஃபேஸ்–நியூட்ரல் இரண்டையும் சேர்த்து, உடம்புக்கு எதிராக இன்சுலேஷன் பார்த்தபோது 50 மெகா ஓமுக்கு மேல் காட்டியது. அருமையான அளவு. கையடக்கக் கருவிச் சோதனையில், எர்த் தேவைப்படும் கருவிக்கு 1 மெகா ஓம், இரட்டைக் காப்புக் கருவிக்கு 2 மெகா ஓம் என்பதே வழக்கமான குறைந்தபட்ச எல்லை. மெகரை அப்படியே வைத்துக்கொண்டு ஒயரை இடப்பக்கம் வளைத்தார்கள். முள் நேராகப் பூஜ்யத்துக்கு வந்து விழுந்தது. ஒயரை நிமிர்த்தினால் மறுபடி 50. மேஜையில் ஒயரை நீட்டிப் போட்டு ஒரே முறை அளந்து "சரி" என்று சீட்டு ஒட்டியிருந்தால் இந்த மெஷின் சோதனையில் தேறியிருக்கும். அளக்கும்போது ஒயரை இரண்டு முனையிலும் வளைத்துத் திருப்பிப் பார்க்க வேண்டும் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டாம்.

இன்னொன்று. கோளாறு இருந்தது சுவிட்சுக்கு முன்னால். அதாவது, டிரிகரை விட்டாலும் உடம்பில் மின்சாரம் இருந்துகொண்டே இருக்கும். "சுவிட்ச் ஆஃப்ல தானே இருக்கு" என்று பிட் மாற்றுவதற்காக, பிட்டைக் கவ்வும் 'சக்'கைப் பிடிக்கும் கை, 230 வோல்ட்டைப் பிடிக்கிறது. பிட் மாற்ற, பிரஷ் பார்க்க, டிஸ்க் கழற்ற பிளக்கைப் பிடுங்கு என்று சொல்வது, மெஷின் திடீரென்று ஓடிவிடும் என்ற பயத்துக்காக மட்டுமல்ல.

மெஷினின் எர்த்தையும் அளந்தார்கள். பிளக்கின் பெரிய பின்னிலிருந்து உடம்பு வரை 0.2 ஓம். குறை சொல்ல ஒன்றுமில்லை. இங்கேதான் விசாரிக்க வந்தவர்கள் கொஞ்சம் திகைத்தார்கள். எர்த் இவ்வளவு நன்றாக இருக்கும் கருவி எப்படி ஆளை அடித்தது?

மூன்றாவது துளைக்குப் பின்னால்

எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் நான்கு சாக்கெட். ஒவ்வொன்றிலும் மூன்று துளை. மறுமுனையில் மூன்று பின் பிளக். வெளியிலிருந்து பார்த்தால் ஒரு குறையும் தெரியாது. நடுவில் போன ஒயர் இரண்டு கோர். எப்போதோ பழைய ஒயர் நசுங்கிப் போய், கைக்குக் கிடைத்ததை யாரோ மாட்டியிருக்கிறார்கள். பாக்ஸுக்குள் நான்கு சாக்கெட்டின் எர்த் முனைகளையும் ஒரு துண்டுக் கம்பியால் ஒழுங்காக இணைத்திருந்தார்கள். அந்தக் கம்பி அதற்கு மேல் எங்கும் போகவில்லை.

இப்படிப்பட்ட பாக்ஸ், எர்த்தே இல்லாத பாக்ஸைவிட மோசம். ஒரு சாக்கெட்டில் செருகிய கருவியில் ஃபேஸ் உடம்பைத் தொட்டால், அந்தத் துண்டுக் கம்பி வழியாக மற்ற மூன்று சாக்கெட்டுகளில் செருகியிருக்கும் உலோக உடம்புகளுக்கும் மின்சாரம் போய்விடும். பக்கத்தில் ஒருவர் பழுதே இல்லாத புதுக் கருவியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தால் அவரும் சிக்கியிருப்பார்.

சரி, மேல்தளத்துக்கு வருவோம். அங்கே இருந்த பாயின்ட்டில் எர்த் உண்டு. ஃபேஸ் உடம்பைத் தொட்டதும் மின்சாரத்துக்கு எர்த் வழியாக ஒரு தாராளமான பாதை கிடைத்தது. அந்தச் சுற்றின் மொத்த மின்தடை 1 ஓம் என்று வைத்துக்கொண்டால் 230 ஆம்பியர் பாயும். 16 ஆம்பியர் சி வகை எம்.சி.பி, தன் அளவின் 5 முதல் 10 மடங்குக்குள், அதாவது 80-லிருந்து 160 ஆம்பியருக்குள், கண நேரத்தில் விழுந்துவிடும். விழுந்தது. இரண்டு முறை. அந்த பாயின்ட் கெட்டுப்போகவில்லை. செய்ய வேண்டியதைச் செய்தது.

பாக்ஸ் மாறியதும் அந்தப் பாதை மூடிக்கொண்டது. ஃபேஸ் உடம்பைத் தொட்டாலும் போக வழியில்லாமல் 230 வோல்ட்டும் உடம்பிலேயே காத்து நின்றது. எம்.சி.பி எதற்காக விழும்? ஆக, மெஷினைச் "சரிசெய்தது" எர்த் இல்லாத ஒயர். எம்.சி.பி அடிக்கடி விழுகிறது என்று இடம் மாற்றி, மாற்றிய இடத்தில் விழாமல் ஓடினால் அந்தப் புது இடத்தைத்தான் சந்தேகப்பட வேண்டும். தளங்களில் நடப்பதென்னவோ நேர்மாறு.

சுர்ரென்றது என்ன

ஆளின் உடம்பு வழியாக எவ்வளவு மின்னோட்டம் போகிறது என்பதுதான் கணக்கு. வீட்டு மின்சாரத்தில், கிட்டத்தட்ட அரை முதல் 1 மில்லி ஆம்பியரில் லேசாக உறைக்கும். 10 மில்லி ஆம்பியர் அளவில், பிடித்த கையை விட முடியாமல் போகத் தொடங்கும். விரலை மடக்கும் தசைகள் நீட்டும் தசைகளைவிட வலுவானவை. இரண்டும் ஒரே நேரத்தில் இறுகும்போது மடக்குவதே ஜெயிக்கும், கை மெஷினை இன்னும் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும். இன்னும் கூடினால் மூச்சுத் தசைகள் இறுகும், குரல் வராது. பம்பு அறையில் அவர் கத்தாததற்குக் காரணம் அதுதான். சில பத்து மில்லி ஆம்பியர் ஒரு நொடி அளவுக்கு நெஞ்சு வழியாகப் போனாலே இதயக் கீழறைகள் தாறுமாறாக நடுங்கத் தொடங்கலாம். அப்புறம் இரத்தம் ஓடாது.

கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்த சார்லஸ் டால்ஸியல், தன்னார்வலர்களை வைத்து இந்த "விட முடியாத" எல்லையை அளந்தார். ஆண்களுக்குச் சராசரியாக 16 மில்லி ஆம்பியர், பெண்களுக்கு 10.5. சராசரி என்பதைக் கவனிக்க வேண்டும்; இதற்கு வெகு கீழேயே மாட்டிக்கொள்பவர்கள் உண்டு. அதே டால்ஸியல்தான் 1961-ல், சில மில்லி ஆம்பியர் கசிந்தாலே மின்சாரத்தைத் துண்டிக்கும் கருவியை வடிவமைத்தார். அமெரிக்காவில் இன்றும் ஆட்களைக் காப்பதற்காகப் பொருத்தும் அந்தக் கருவி 4 முதல் 6 மில்லி ஆம்பியருக்குள் விழுகிறது, கை விட முடிகிற எல்லைக்கு உள்ளேயே.

நம் நிகழ்வில் காலையில் போனது ஒரு மில்லி ஆம்பியரை ஒட்டி இருந்திருக்கும். மெஷின் உடம்பில் அப்போதும் 230 வோல்ட்தான் இருந்தது. ஹெல்பரின் காலுக்கும் தரைக்கும் இடையே காய்ந்த ரப்பர் இருந்தது, அவ்வளவுதான். உறைத்தது லேசாக இருந்ததால் கோளாறும் லேசானது என்று நினைத்துக்கொண்டார்கள். லேசாக இருந்ததற்குக் காரணம் மெஷின் அல்ல, செருப்பு.

மதியம் செருப்புக்கு வேலை இல்லை. வியர்த்த உள்ளங்கை, நனைந்த முழங்கால், எர்த்தோடு தொடர்புள்ள இரும்புக் குழாய். பாதையின் மின்தடை 2,000 ஓம் என்று கொஞ்சம் தாராளமாகவே எடுத்தாலும் 230-ஐ 2,000-ஆல் வகுத்தால் 115 மில்லி ஆம்பியர். ஒரு கையிலிருந்து மறு கைக்கு, நடுவே நெஞ்சு. காலையில் உறைத்ததைப் போல நூறு மடங்கு. மெஷினில் எதுவும் மாறவில்லை, ஆள் மண்டியிட்டார், ஒயர் வளைந்தது.

உலோக உடம்புக் கருவி உறைத்தால் பழுதே இல்லாத ஒரு காரணமும் உண்டு என்று சொல்வார்கள். இரைச்சல் வடிகட்டும் சின்ன கெபாசிட்டர்கள் வழியாகக் கொஞ்சம் கசியும்; தரக்கட்டுப்பாடுகள் எர்த் உள்ள கைக்கருவிகளுக்கு முக்கால் மில்லி ஆம்பியர் வரை அனுமதிக்கின்றன. உண்மைதான். ஆனால் எர்த் இருந்தால் அந்தக் கசிவு எர்த்தில் போய்விடும், கையில் தெரியாது. ஆக எந்தக் காரணத்தால் உறைத்தாலும் எர்த் இல்லை என்பது உறுதி. பிளக்கைப் பிடுங்கி ஓரமாக வைக்க அது போதும்.

ஆர்.சி.சி.பி இருந்ததே!

இருந்தது. கசிவைக் கண்டு மின்சாரத்தைத் துண்டிக்கும் அந்தக் கருவி, மெயின் போர்டில், டெஸ்ட் பட்டனோடு. அழுத்தினால் "டப்" என்று விழுந்தது. விசாரணையில் எல்லோரும் அதைத்தான் காட்டினார்கள்.

அதன் மேல் எழுதியிருந்தது 300 மில்லி ஆம்பியர். கட்டடம் முழுவதற்குமான மெயினில், இன்சுலேஷன் கெட்டு ஒயர் சூடேறித் தீப்பிடிக்காமல் காக்கப் போடுவது அது. இந்தக் கருவிகள் தம் அளவின் பாதிக்குக் கீழே விழக்கூடாது என்பதே அவற்றின் விதி. 300-ன் பாதி 150. அவர் உடம்பில் போனது நம் கணக்கில் 115. அவர் இன்னும் ஒரு மணி நேரம் அப்படியே இருந்திருந்தாலும் அது விழுந்திருக்காது, விழ வேண்டிய கடமையும் அதற்கில்லை. ஆளைக் காக்க வேண்டுமானால் 30 மில்லி ஆம்பியர், அல்லது அதற்கும் கீழே.

30 இருந்திருந்தால்? ஷாக் அடித்திருக்கும். அதைச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் ஆர்.சி.சி.பி இருந்தால் ஷாக்கே அடிக்காது என்று நம்புகிறவர்கள் நிறைய. அது மின்னோட்டத்தின் அளவைக் குறைப்பதில்லை, நேரத்தைக் குறைக்கிறது. 30 மில்லி ஆம்பியர் வகை, 30 கசிந்தால் 0.3 நொடிக்குள்ளும், 150 கசிந்தால் 0.04 நொடிக்குள்ளும் துண்டிக்க வேண்டும். அவர் உதறிக்கொண்டு பின்னால் சாய்ந்திருப்பார், இதயம் தப்பியிருக்கும். ஏணி மேல் நின்றிருந்தால் அந்த உதறலே விழ வைக்கப் போதும் என்பது தனிச் சிக்கல்.

டெஸ்ட் பட்டனைப் பற்றி இரண்டு வார்த்தை. அது உள்ளே இருக்கும் ஒரு ரெசிஸ்டர் வழியாகப் பொய்க் கசிவு ஒன்றை உண்டாக்கி, கருவி விழுகிறதா என்று மட்டும் பார்க்கிறது. எர்த் கம்பி இருக்கிறதா இல்லையா என்று அதற்குத் தெரியாது. எர்த்தே இல்லாத இடத்திலும் பட்டன் அழகாக வேலை செய்யும். எர்த் உள்ள இடத்தில் கருவி பழுதான அந்தக் கணமே ஆர்.சி.சி.பி விழும், யாரும் தொட வேண்டியதில்லை. எர்த் இல்லாத இடத்தில் அதை விழ வைக்க ஓர் ஆள் தொட்டாக வேண்டும். அதனால் ஒன்று இருந்தால் மற்றது வேண்டாம் என்ற பேச்சுக்கே இடமில்லை. ஒரு கையில் ஃபேஸ், இன்னொரு கையில் நியூட்ரல் என்று பிடித்தால் இரண்டாலும் பயனில்லை. போன மின்சாரம் அப்படியே திரும்பி வருவதால் கசிவு எதுவும் தெரியாது.

பாக்ஸில் எர்த் வரவில்லை என்று கண்டுபிடித்ததும் சிலர் செய்யும் "ரிப்பேர்" ஒன்றைச் சொல்லாமல் போக முடியாது: சாக்கெட்டுக்குள் நியூட்ரலிலிருந்து எர்த் முனைக்கு ஒரு துண்டு ஒயர் போடுவது. விளக்கு வைத்துப் பார்த்தால் எரியும், சாக்கெட் டெஸ்டர் பச்சை காட்டும். பின்னால் எங்காவது நியூட்ரல் அறுந்த நிமிஷம், பழுதில்லாத மெஷினின் உடம்புக்கும் முழு ஃபேஸ் வந்துவிடும். இதை ரிப்பேர் என்று சொல்லவே எனக்கு வாய் வரவில்லை.

மாற்றியவை, மாற்றாதவை

உலோக உடம்பு மெஷினை ஒதுக்கிவிட்டு இரட்டைக் காப்புக் கருவி வாங்கினார்கள். தகட்டில் சதுரத்துக்குள் சதுரம் போட்டிருக்கும் வகை. உள்ளே இருக்கும் மின்பாகங்களுக்கும் கைக்கும் இடையே இரண்டு அடுக்குக் காப்பு. ஒன்று போனாலும் மற்றது தாங்கும். எர்த் தேவையில்லை என்பதால் அதன் ஒயர் இரண்டு கோர்தான், அதைப் பார்த்து யாரும் பதற வேண்டாம். நல்ல முடிவு, தளத்துக்கு இதுவே சரி. ஆனால் இதை வாங்கியதும் எல்லாம் முடிந்ததாக நினைப்பதில் எனக்கு உடன்பாடில்லை. மேலோடு வெடித்தாலோ தண்ணீர் உள்ளே போனாலோ இரண்டு காப்பும் ஒன்றாகவே போகும். ஆங்கிள் கிரைண்டரில் இரும்பு அறுக்கும்போது பறக்கும் தூளைக் குளிர்விக்கும் விசிறியே உள்ளே இழுக்கிறது. கார்பன் பிரஷ் தேய்ந்து உதிரும் தூளும் அதோடு சேரும். இரண்டுமே மின்சாரம் கடத்துபவை. காற்றுத் துளைகளை ஊதிச் சுத்தம் செய்யச் சொல்வது மோட்டார் சூடாகாமல் இருக்க மட்டுமல்ல.

சுவருக்குள் போகும் ஒயரில் பிட் பட்டால் எந்தக் காப்பும் உதவாது. பிட், சக், முன்பக்க உலோகம் எல்லாவற்றுக்கும் மின்சாரம் வந்துவிடும். 18 வோல்ட் பேட்டரி மெஷினானாலும் இதே கதைதான், அதன் சொந்த மின்சாரம் அடிக்காது, சுவரின் மின்சாரம் அடிக்கும். அதனால்தான் இப்படிப்பட்ட வேலையில் ரப்பர் அல்லது பிளாஸ்டிக் பிடியைத் தவிர வேறெங்கும் கை வைக்காதே என்கிறார்கள்.

பிரிட்டனின் கட்டுமானத் தளங்களில் வேறொரு வழி நெடுநாளாகப் பழக்கத்தில் இருக்கிறது: 110 வோல்ட் டிரான்ஸ்ஃபார்மர், அதன் சுற்றின் நடுப்புள்ளியை எர்த் செய்துவிடுவார்கள். இரண்டு கம்பியில் எதைத் தொட்டாலும் தரைக்கு எதிராக 55 வோல்ட்தான். நம் 2,000 ஓம் கணக்கில் அது 27.5 மில்லி ஆம்பியர். வலிக்கும், கை இறுகக்கூட செய்யலாம், ஆனால் 115-க்கும் அதற்கும் எவ்வளவு தூரம்! ஈரமான அடித்தளங்களுக்கு இதைவிட நல்ல ஏற்பாடு எனக்குத் தெரிந்து குறைவு. கருவிகளும் 110 வோல்ட்டுக்கு ஏற்றவையாக இருக்க வேண்டும் என்பதால் இதற்குப் பலர் மாறுவதில்லை.

பாக்ஸ்களை எல்லாம் கொண்டுவரச் சொல்லி ஒவ்வொன்றாகத் திறந்தார்கள். மூன்று கோர் ஒயர், மேலுறையை இறுகக் கவ்வும் கிளிப், எர்த் கம்பி மற்ற இரண்டைவிடக் கொஞ்சம் நீளம். ஒயரை யாராவது பலமாக இழுத்தால் ஃபேஸும் நியூட்ரலும் முதலில் பிய்ந்து மெஷின் நிற்க வேண்டும், எர்த் கடைசியில் பிய்ய வேண்டும் என்பதற்காக அந்த நீளம். பச்சையில் மஞ்சள் கோடு போட்டது எர்த். பழைய ஒயரிங்கில் வெறும் பச்சை. வேறு நிறத்தை எர்த்துக்கோ, பச்சையை ஃபேஸுக்கோ மாட்டக் கூடாது.

காலையில் செய்யச் சொன்ன சோதனை மிக எளிது. மெஷினை பாக்ஸில் செருகி, பாக்ஸின் பிளக்கைச் சுவரில் செருகாமல், அந்த பிளக்கின் எர்த் பின்னிலிருந்து மெஷினின் பெயின்ட் இல்லாத உலோகப் பாகம் வரை மல்டிமீட்டரில் கன்டினியூட்டி, அதாவது பாதை அறுபடாமல் இருக்கிறதா என்று, பார்ப்பது, ஒயரை ஆங்காங்கே வளைத்துக்கொண்டே. மெஷினைத் தனியாகவும் பாக்ஸைத் தனியாகவும் பார்ப்பதைவிட முழுச் சங்கிலியையும் ஒரே மூச்சில் பார்ப்பது மேல். இந்த ஒரு சோதனை அந்த இரண்டு கோர் ஒயரை முதல் நாளே காட்டிக் கொடுத்திருக்கும். மல்டிமீட்டரின் மெல்லிய மின்னோட்டத்துக்கு ஒற்றை இழை மிச்சமிருந்தாலும் "பீப்" வரும் என்பதால், அவ்வப்போது அதிக மின்னோட்டம் செலுத்தி அளக்கும் கருவியால் பார்ப்பதும் வேண்டும். சுவர் பாயின்ட்டில் எர்த் வருகிறதா என்பது இதில் தெரியாது. அதை எலக்ட்ரீஷியன் தனியே லூப் டெஸ்டரால் (எர்த் பாதையின் மின்தடையை அளக்கும் கருவி) அளக்க வேண்டும். நியான் டெஸ்டரை மெஷின் உடம்பில் வைத்து, எரியவில்லை என்றால் நல்ல மெஷின் என்று தீர்ப்பு எழுதுவதை நிறுத்தச் சொன்னார்கள். அன்று காலை ஒயர் நேராகக் கிடந்த நேரத்தில் வைத்திருந்தால் அது எரிந்திருக்காது.

முதலுதவி பற்றிச் சுருக்கமாக. பிளக்கையோ மெயினையோ எட்ட முடியாவிட்டால், காய்ந்த இடத்தில் நின்று, காய்ந்த மரக்கட்டை அல்லது பிளாஸ்டிக்கால் மெஷினைத் தட்டிவிட வேண்டும். மூச்சில்லை என்றால் உடனே ஆம்புலன்ஸைக் கூப்பிட்டு, நடுநெஞ்சில் 5 முதல் 6 சென்டிமீட்டர் ஆழத்துக்கு, நிமிஷத்துக்கு 100 முதல் 120 அழுத்தம். பயிற்சி உள்ளவரானால் 30 அழுத்தத்துக்கு 2 ஊதல். தானியங்கி டிஃபிப்ரிலேட்டர் கட்டடத்தில் இருந்தால் அதை எடுத்துவர ஒருவர் ஓட வேண்டும். மயங்கி எழுந்தவர் "ஒண்ணுமில்ல, நல்லா இருக்கேன்" என்றாலும் மருத்துவமனைக்குப் போய் ஈ.சி.ஜி எடுத்தாக வேண்டும்.

தளத்தில் பெரிய வாக்குவாதம் வந்தது 30 மில்லி ஆம்பியர் விஷயத்தில்தான். போட்ட முதல் வாரத்திலேயே அடிக்கடி விழுந்தது. வேலை நிற்கிறது, எடுத்துவிடலாம் என்று குரல்கள் எழுந்தன. கவனித்துப் பார்த்தபோது, தளத்தின் எல்லாக் கருவிகளையும் ஒரே ஆர்.சி.சி.பி-யின் கீழ் கொண்டுவந்திருந்தார்கள். ஒவ்வொன்றிலும் அரை, முக்கால் மில்லி ஆம்பியர் என்று இயல்பான கசிவு. ஈரம் ஏறிய இரண்டு கனெக்டர்களிலிருந்து இன்னும் கொஞ்சம். 30 வகை, 15-ஐத் தாண்டியதும் எப்போது வேண்டுமானாலும் விழலாம். அதைக் கழற்றவில்லை. ஒவ்வொரு பாக்ஸின் தலைப்பிலும் தனித்தனியாக ஒன்று வைத்து, வேகக் கட்டுப்பாட்டு எலக்ட்ரானிக்ஸ் உள்ள கருவிகளுக்கு ஏ.சி வகை ஆர்.சி.சி.பி-க்குப் பதில், அவற்றின் துடிப்பான கசிவையும் கண்டுகொள்ளும் ஏ வகையாகப் பார்த்துப் போட்டார்கள். கனெக்டர்களைத் தரையிலிருந்து தூக்கிக் கட்டினார்கள். அதற்குப் பிறகும் விழுந்தது ஒரே ஒரு பாக்ஸ். அதில் செருகியிருந்த கிரைண்டரைப் பிரித்தபோது ஃபீல்ட் காயிலைச் சுற்றி இரும்புத்தூள் அப்பிக் கிடந்தது.